பெரியண்ணன், சின்னண்ணன், வெளிநாட்டுக் காணிக்கை

ஜமுனாமரத்தூரில் டீ சூடாகத்தான் வரும். மலைக்காற்றில் சீக்கிரம் ஆறிவிடும். குடித்துக்கொண்டே கேளுங்கள், விஷயம் கொஞ்சம் நீளம்.

ஒரு வெளிநாட்டுச் சபைக்கும் நம்மூர்ச் சபைக்கும் நூறு, நூற்றைம்பது வருஷமாக உறவு இருக்கிறது என்றால், அது என்ன மாதிரி உறவு? வெளியே இருப்பவர்களைக் கேட்டால் "பணம்தான், வேறென்ன" என்பார்கள். சபையாரைக் கேட்டால் "துரைமார் கட்டிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி" என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டு பதிலிலும் ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, மறுபக்கம் வாங்கிக்கொண்டே இருக்கிறது. உண்மையில் அவ்வளவுதான் என்றால் இந்த உறவு எப்போதோ முறிந்திருக்கும். கொடுப்பவருக்கு அலுத்திருக்கும், வாங்குபவருக்குக் கூசியிருக்கும்.

இதைப் பேசுவதற்கு ஜவ்வாது மலை தோதான இடம். மலைமேல் சபைகள் சிறியவை. இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரில் பெரும்பாலோர் தங்கள் குலதெய்வங்களோடும் சாமை வயல்களோடும் இருக்கிறார்கள். (கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.) ஆனால் அடிவாரத்தைச் சுற்றி வந்தால் மூன்று நாட்டுக் கதைகள் கிடைக்கும். வடக்கே வேலூரில் அமெரிக்கா. தென்கிழக்கே திருவண்ணாமலையில் டென்மார்க். மேற்கே திருப்பத்தூரில் ஸ்காட்லாந்து. மூன்றும் மூன்று விதமாக நடந்தவை.

வேலூர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் 1819இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பின்னால் நின்றது அமெரிக்க ரிஃபார்ம்டு சபை. பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். நியூயார்க் வங்கிக்காரர் ஒருவர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் கவனிக்கச் சொல்வது அடுத்து நடந்ததை. 1930களின் கடைசியில், பழைய எல்.எம்.பி. படிப்பு போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தினால்தான் கல்லூரி நீடிக்கலாம் என்ற நிலை வந்தது. ஒரு மிஷனின் பணத்தால் அது ஆகாது. அப்போது அமெரிக்க சபை "இது எங்கள் பிள்ளை" என்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை. பல நாட்டுச் சபைகளையும் இந்தியச் சபைகளையும் பங்காளிகளாக உள்ளே விட்டது. 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். இன்று அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை, சி.எம்.சி.யை, "அமெரிக்க ஆஸ்பத்திரி" என்று சொல்பவர்கள் யாருமில்லை. பெற்றவர்கள் பிடியைத் தளர்த்தியதால்தான் அது இவ்வளவு பெரிதானது என்பது என் கட்சி.

டேனிஷ்காரர்கள் கதை இன்னும் சிக்கலானது, எனக்கு அதுதான் சுவாரஸ்யம்.

டென்மார்க் என்றதும் தரங்கம்பாடியும் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவும் ஞாபகத்துக்கு வரும். இது வேறு கிளை. 1821இல் டென்மார்க்கில் தொடங்கிய டேனிஷ் மிஷனெரி சங்கத்துக்கு ரொம்ப நாள் சொந்தமாக ஒரு களமே இல்லை. இங்கே கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன்காரர் லைப்சிக் மிஷனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சபைக்குள் சாதியை விட்டுப்பிடிக்கலாம் என்பது லைப்சிக்கின் போக்கு. கூடாது என்பது ஓக்ஸின் பிடிவாதம். சண்டை முற்றி வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் பண்ருட்டிப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற பெயரில் ஒரு நிலையத்தை நிறுவினார். கையில் களம் இருக்கிறது, பின்னால் ஆளில்லை. டேனிஷ் சங்கத்துக்கு ஆள் இருக்கிறது, களம் இல்லை. 1864 வாக்கில் இரண்டும் கைகோத்தன. அங்கிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவியது. திருவண்ணாமலையில் இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் "டேனிஷ் மிஷன் ஸ்கூல்" என்றால் போதும், வழி கேட்க வேண்டியதில்லை.

ஆக, இந்த உறவு பிறந்ததே சாதியைப் பற்றிய ஒரு தகராறில். அதில் டென்மார்க்குக்கும் ஆதாயம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அரை நூற்றாண்டு கழித்து இந்த உறவுக்கு ஒரு சோதனை வந்தது. எஸ்தர் ஃபேரிங் என்ற இளம் டேனிஷ் பெண் மிஷன் வேலைக்காகத் திருக்கோவிலூர்ப் பக்கம் வந்தவர். 1917இல் சபர்மதிக்குப் போய்க் காந்தியைப் பார்த்தார். அதன்பின் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை, மிஷனுக்கோ தர்மசங்கடம். வெள்ளைக்கார அரசின் அனுமதியில்தானே அவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள்! கடைசியில் எஸ்தர் மிஷனை விட்டு விலகினார். அவருடைய தோழி ஆன் மாரி பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1921இல் காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். அரசு மானியம் வேண்டாம் என்று நடத்திய பள்ளி அது.

இந்த இரண்டு பெண்களை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு சபைகளுக்கு இடையிலான உறவில் எப்போதும் மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்: அரசாங்கம். அன்று பிரிட்டிஷ் அரசு. பிறகு நம் அரசு. மிஷனெரியை அனுப்பிய நாட்டு அரசும் உண்டு. இவரைக் கணக்கில் சேர்க்காமல் பேசுகிறவர்கள் பாதிக் கதைதான் பேசுகிறார்கள்.

போர் வந்தால் கேட்கவே வேண்டாம். முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனெரிகள் இந்தியாவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். லைப்சிக்காரர்கள் விட்டுப்போனதை ஸ்வீடன்காரர்கள் தாங்கிப் பிடிக்க, 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித்து எழுந்தது. அடுத்த போரில் டேனிஷ்காரர்கள் முறை. 1940 ஏப்ரல் 9ஆம் தேதி ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. கோபன்ஹேகனிலிருந்து தென்னார்க்காட்டுக்கு வரவேண்டிய பணமும் தபாலும் நின்றன. சபை அழிந்துவிடவில்லை, உபதேசியார்கள் வேலையை நிறுத்தவில்லை, ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. போர் முடிந்து ஐந்தே ஆண்டில், 1950இல், ஆற்காடு லுத்தரன் திருச்சபை தனி அமைப்பாக நின்றது. பெரிய மனத்தோடு டேனிஷ்காரர்கள் சுயாட்சியைத் தூக்கிக் கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. அவர்கள் கை எட்டாத நாட்களில் இங்குள்ளவர்கள் நடத்திக் காட்டினார்கள், அதனால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை என்பது இன்னும் பொருத்தமாகப் படுகிறது எனக்கு.

வாங்கிக் கற்றுக்கொண்டு பிறகு தானே செய்வதற்கு இந்த மலையிலேயே வேறொரு சான்று உண்டு. அந்தப் பக்கம் காவலூர் வானாய்வகம். 1972இல் கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து, கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதை வைத்து வேலை பார்த்தவர்கள் 1986இல் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.3 மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார்கள். பழைய ஸைஸை யாரும் கழற்றி எறியவில்லை; அதுவும் பக்கத்திலேயே இருந்து வேலை செய்தது. சபை விஷயத்துக்கு வருவோம்.

சுயாட்சி வந்த பிறகுதான் உண்மையான குழப்பம் தொடங்குகிறது. சபை நம்முடையது, பிஷப் நம்மவர், தீர்மானம் நம்முடையது. ஆனால் ஆஸ்பத்திரியை நடத்தும் பணம்? விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவு? அது வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதலில் மொத்தமாக ஒரு தொகை வரும், இங்குள்ளவர்கள் பங்கிட்டுச் செலவழிப்பார்கள். பிறகு மேல்நாட்டில் கோயிலுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள், காணிக்கையும் குறைந்தது. அந்த ஓட்டையை அடைக்க அங்குள்ள அரசுகளின் வளர்ச்சி நிதி வந்தது. அரசுப் பணம் என்றால் நிபந்தனை வரும்: பிரசங்கத்துக்குச் செலவிடக் கூடாது, மூன்று வருஷத் திட்டமாக எழுத வேண்டும், எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று எண்ணிக் காட்ட வேண்டும். அப்படித்தான் சபை அலுவலகங்களில் "ப்ராஜெக்ட்" என்ற சொல் வந்து உட்கார்ந்தது. ஆயருக்கு ஜெபம் தெரிந்தால் போதாது, அறிக்கையும் எழுதத் தெரிய வேண்டும். திட்டம் முடிந்ததும் ஜீப் நிற்கும், டிரைவருக்குச் சம்பளம் இருக்காது. இந்தக் காட்சியைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஜீப்பின் கதவில் கொடுத்தவர் பெயர் மட்டும் அழியாமல் இருக்கும்.

நம் அரசின் பக்கமும் கதவுகள் இறுகின. வெளிநாட்டு மிஷனெரிகளுக்கு விசா கிடைப்பது 1950களிலிருந்தே கடினமாகிக்கொண்டு வந்தது. 1976இல் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அதற்குப் பதில் 2010இல் புதிய சட்டம், 2020இல் திருத்தம். இந்தக் கடைசித் திருத்தம் சபைகளின் நடைமுறையையே மாற்றிவிட்டது. வெளிநாட்டுப் பணம் முதலில் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கிய அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. முன்பு பெரிய சபை வாங்கி, மலையில் தனியாகப் பதிவுசெய்த ஒரு சிறு சங்கத்துக்குக் கொடுக்க முடிந்தது. இப்போது அந்தச் சின்னச் சங்கம் தானே பதிவு பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் இல்லை. கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பல இடங்களில் ஒழுங்காக இருக்கவில்லை என்பதும் சபையாருக்கே தெரிந்த ரகசியம். ஆனால் இந்த விதி பெரியவர்களைவிடச் சின்னவர்களையே அதிகம் நெருக்குகிறது.

இங்கேதான் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. பணம் போகும் பாதை சுருங்கியதும், வேறென்ன பரிமாறிக்கொள்ளலாம் என்று சிலர் யோசிக்கத் தொடங்கினார்கள். டேனிஷ் மிஷனெரி சங்கம் 2000இல் இன்னொரு சங்கத்தோடு இணைந்து டேன்மிஷன் ஆனது. அதுவும் ஆற்காடு லுத்தரன் சபையும் சேர்ந்து திருவண்ணாமலையில் குவோ வாடிஸ் என்ற பல்சமய உரையாடல் மையத்தை உருவாக்கின. கிரிவலம் வருபவர்களும் ரமணாசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களும் நிறைந்த ஊர் அது. அங்கே மதமாற்றத்தைப் பேசாமல், உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் இடம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் வந்த மிஷனெரி இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது.

சரி, இன்னொரு டீ சொல்லட்டுமா? இதுவரை சபைகளும் சங்கங்களும். இனி ஆட்கள்.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1,200 பேர் கூடினார்கள். ஆசியாவிலிருந்து போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் ஒருவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, வயது 35. அவர் எழுந்து நாசூக்கில்லாமல் ஒன்றைச் சொன்னார். பல ஆண்டுகள் ஒரே ஊரில் ஒன்றாக வேலை பார்த்தும் மிஷனெரியும் இந்தியரும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதில்லை, சேர்ந்து சாப்பிடுவதில்லை; நீங்கள் தியாகம் செய்கிறீர்கள், நன்றி; எங்களுக்கு வேண்டியது நட்பு. கூட்டத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. இத்தனைக்கும் அசரியா வெறுங்கையோடு கேட்டவரில்லை. 1903இலேயே திருநெல்வேலிச் சபையார் தங்கள் சொந்தக் காணிக்கையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். அவரும் அதை நிறுவியவர்களில் ஒருவர்.

அவர் கேட்ட நட்பு பதினோரு வருஷம் கழித்து ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில் நடந்தது. டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன், தமிழர். டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தில் அலோவா என்ற ஊரின் கம்பளி நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. பிரிட்டனில் படிக்கும்போது பழகியவர்கள். 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினார்கள், மரக்கறி உண்டார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள். ஜேசுதாசனை ஊரே பெரியண்ணன் என்றது. பேட்டன் சின்னண்ணன். யோசித்துப் பாருங்கள், 1921இல், வெள்ளைக்காரரும் பணக்காரருமான ஒருவர் ஒரு தமிழருக்குத் தம்பி முறையில், ஒரே கூரையின் கீழ் ஒரே சாப்பாடு. சொந்தப் பணத்தையும் அதில் போட்டார். பணம் போட்டவர் சின்னண்ணனாகவே இருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அவர்கள் கட்டிய ஜெபாலயத்தைப் பார்க்க நேரமிருந்தால் போய்வாருங்கள். கோபுரத்தோடு தமிழ்க் கோயில் அமைப்பில் நிற்கிறது. உள்ளே தரையில்தான் உட்கார வேண்டும். கூர்முனைக் கோபுரமும் நீள பெஞ்சுமாகக் கோயில் என்றால் இப்படித்தான் என்று பழகிய கண்ணுக்கு முதலில் என்னவோ போல இருக்கும்.

நட்புக்கு விலையும் இருந்தது. 1932இல் சட்டமறுப்பு நாட்களில் சென்னைத் தெருவில் கதர் உடுத்தி நின்ற பேட்டனைப் போலீசார் தடியால் அடித்து, சாயத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை கேள்வி போனது. எஸ்தரின் மிஷன் தர்மசங்கடப்பட்ட இடத்தில் பேட்டன் உடம்பால் பதில் சொல்லிவிட்டார். அவர் 1970இல் மறைந்தார்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இருவர் தோளில் நின்ற வீடு, தோள்கள் போனதும் தளரத்தான் செய்யும். ஆசிரமம் தன் பழைய வீச்சோடு இல்லை. அமைப்பு என்பது சலிப்பூட்டும், கமிட்டிகள் எரிச்சலூட்டும். ஆனால் ஆள் மாறினாலும் அது நிற்கிறது. வேலூர் நிற்பது அதனால்தான். இரண்டும் வேண்டும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், செய்துகாட்டியவர்கள் குறைவு.

செய்து பார்த்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 1971இல் கென்யாவின் ஜான் கட்டு என்ற போதகர், வெளிநாட்டுப் பணத்தையும் மிஷனெரிகளையும் ஐந்து வருஷமாவது நிறுத்திவையுங்கள், நாங்கள் யாரென்று எங்களுக்கே தெரியட்டும் என்று சொல்லி எல்லோரையும் திடுக்கிட வைத்தார். அந்தச் சூட்டில், 1795இல் பிறந்த லண்டன் மிஷனின் வழிவந்த அமைப்பு 1977இல் தன்னைக் கலைத்துப் போட்டது. உலக மிஷன் கவுன்சில் என்ற புது அமைப்பில், கொடுத்த சபையும் வாங்கிய சபையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பொதுப்பணத்தைப் பங்கிட்டன. தென்னிந்தியத் திருச்சபையும் அதில் ஒரு பங்காளி. 2012இல் தலைமையகமே லண்டனை விட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. இன்னொன்று, சாந்தி சாலமோன் என்ற இந்தியப் பெண்மணி 1956இல் தொடங்கியது. கொரியாவுக்கு விசா மறுக்கப்பட்டு மணிலாவில் தங்கியிருந்தபோது அவருக்குத் தோன்றிய யோசனை: உலகம் முழுக்கப் பெண்கள் ஜெபிக்கும்போது தங்கள் நாட்டின் ஆகச் சிறிய காசு ஒன்றை ஒதுக்கி வைக்க வேண்டும். பணக்காரியும் அதே காசு, ஏழையும் அதே காசு. நம் பாட்டிமார் உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசிக் காணிக்கைதான், நாடு கடந்து போயிருக்கிறது.

உங்கள் சபைக்கும் இப்படி ஒரு வெளிநாட்டுத் தோழமை இருக்கலாம். பெரும்பாலும் சம்பந்தி வீட்டு உறவு மாதிரிதான் நடக்கும்: ஒரு பக்கத்திலிருந்தே சீர் போய்க்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் உபசாரம் தடபுடல். பத்து நாள் பயணமாக விருந்தினர் வருவார்கள். வாசலில் பேண்டு வாத்தியம், சந்தனமாலை, சால்வை, பள்ளிப் பிள்ளைகளின் நடனம், போட்டோ. மேடையில் நம் ஆட்கள் தேவைகளை வாசிப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் பாதியைச் சொல்லுவார். விருந்தினரிடம் அவர்கள் ஊரைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கே கோயில்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன, முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள், இலங்கையிலிருந்து அகதியாகப் போன தமிழர்கள் டென்மார்க்கிலேயே ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். சொல்லக் காத்திருப்பவர்களும் உண்டு.

அடுத்த முறை அவர்கள் வரும்போது மாலை போடுங்கள், தப்பில்லை. தேவைப் பட்டியலை வாசிப்பதற்கு முன் சபையின் சென்ற வருஷக் கணக்கை அவர்களுக்கும் சபையாருக்கும் ஒன்றாகக் காட்டுங்கள். பிறகு அவர்களைத் தரையில் உட்காரவைத்துச் சாமைச் சோறு போட்டு, உங்கள் சபைக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.